மொர்கோன்: வழித்துத் துடைத்த கோப்பைகளின் வைன்

பிரான்சின் லியோன் நகரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த உணவகத்தில் முதல் மூன்று வருடமும் வைன் என்றால் எனக்குக் கறை மட்டும்தான். கோப்பை கழுவுகிறவனுக்குச் சாப்பாட்டின் பின்பக்கம்தான் தெரியும். எந்த மேசையில் என்ன குடித்தார்கள் என்று ஒருவரும் வந்து சொல்ல மாட்டார்கள், கிளாஸ் சொல்லும். சில கிளாஸ்களில் கருஞ்சிவப்பாய் ஒரு வளையம் காய்ந்து, அடியில் மண்டி ஒட்டிக் கிடக்கும். நகத்தால் சுரண்ட வேண்டும். வேறு சிலவற்றில் நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி மெல்லிய ஊதா. தண்ணீர் பட்டவுடன் போய்விடும். இந்த ஊதாக் கிளாஸ் வருகிற மேசையில் இருந்து சாப்பாட்டுக் கோப்பைகளும் பாணால் வழித்துத் துடைத்தபடிதான் வரும். எனக்கு வேலை மிச்சம். அதனாலேயே அந்த வைனில் ஒரு மரியாதை வந்தது. குடித்துப் பார்த்தது பிறகுதான்.

அது மொர்கோன். லியோனுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீற்றரில், பொஜொலே பிரதேசத்தில் வில்லியே-மொர்கோன் என்ற ஊரைச் சுற்றி விளைகிற சிவப்பு வைன். லியோனில் மூன்று ஆறு ஓடுகிறது, ரோன், சோன், பொஜொலே என்று இங்கே ஒரு பகிடி உண்டு. எங்கள் உணவகம் 'பூஷோன்' வகையைச் சேர்ந்தது: லியோனுக்கே உரிய, பன்றி, குடல், ஈரல் எல்லாம் சமைக்கிற சின்னக் கடை. வைன் போத்தலில் மட்டுமல்ல, 'போ' என்கிற, அடி தடித்த கண்ணாடிக் குப்பியிலும் வரும். 46 சென்ரிலீற்றர் பிடிக்கும். அந்த அடிப்பாகத்தின் கனம் கழுவுகிறவன் மணிக்கட்டுக்குத்தான் தெரியும்.

நான்காவது வருடம் ஒரு பரிமாறுகிற பெடியன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். முதலாளி என்னைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை ஒன்று தந்தார். அடுத்த நாள் மத்தியானம் நான் முன்பக்கம்.

அங்கே முதல் வாரமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஜூலை மாதம், வெளியே 34 பாகை. மொர்கோன் போத்தல்கள் கோப்பி மெசினுக்குப் பக்கத்துத் தட்டில் நின்றன. சிவப்பு வைனை அறை வெப்பத்தில் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொன்னது என் மண்டைக்குள் இருந்தது. ஒரு வயதான சோடி, கிழமைக்கு ஒருக்கா வருகிறவர்கள். ஊற்றினேன். ஐயா ஒரு வாய் வைத்துவிட்டுக் கிளாஸைத் தள்ளினார். கோபப்படவில்லை. 'இது சூப்' என்றார்.

முதலாளி அன்று மாலை கடை பூட்டின பிறகு ஒரே போத்தலை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியை ஐஸும் தண்ணீரும் கலந்த வாளிக்குள் பத்து நிமிடம் வைத்தார். மற்றதை அப்படியே விட்டார். இரண்டையும் குடிக்கச் சொன்னார். சூடாக இருந்ததில் முதலில் மூக்கில் ஏறியது அல்கஹோல். பழம் வெந்த பழமாய், ஜாம் மாதிரி, நாக்கில் கனமாய்ப் படுத்தது. குளிர்ந்ததில் செரிப்பழம், கொஞ்சம் மிளகு, பிறகு மழை பெய்து நின்ற கல்லின் வாசம். ஒரே போத்தல்! அறை வெப்பம் என்ற சொல், வீடுகளில் மத்திய சூடாக்கி வருவதற்கு முந்தின காலத்தது. அப்போது ஒரு பிரெஞ்சு வீட்டின் அறை 16, 17 பாகை இருந்தால் பெரிய விசயம். இன்றைக்கு எங்கள் வீடுகள் 22இல் நிற்கின்றன. மொர்கோனுக்கு 13, 14 பாகை போதும். பிரிட்ஜில் வைப்பதென்றால் முக்கால் மணித்தியாலம். வெயில் காலத்தில் நான் இன்னும் கொஞ்சம் குளிராகவே மேசைக்குக் கொண்டுபோவேன். ஊற்றி வைத்த கிளாஸ் தானாகவே ஏறிவிடும்.

இந்த வைனின் குணத்தை விளக்குவதற்கு எனக்குத் தமிழ் கைகொடுத்தது. 'டனின்' என்றால் என்ன என்று முதலாளி ஒருநாள் கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: வாய் காய்கிறது, கன்னத்தின் உட்பக்கம் இழுக்கிறது, பல்லில் சுணை மாதிரி. நான் மனதுக்குள் ஒரே சொல்லில் முடித்துவிட்டேன்: துவர்ப்பு. பாக்கும் சாயத் தேத்தண்ணியும் வாழைப்பூவும் தெரிந்த நாக்குக்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை. திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கிற துவர்ப்பு, எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் வாய் வறள்கிறது. போர்தோ, கஹோர் வைன்களில் இது கூட. மொர்கோன் விளைகிற கமே என்ற திராட்சையில் குறைவு. புளிப்பு மட்டும் தூக்கலாக நிற்கும். சாப்பாட்டோடு குடிக்கிறவனுக்கு இந்த இரண்டும்தான் கணக்கு. மற்றதெல்லாம், வயலட் பூ, பியோனிப் பூ என்று போத்தலின் பின்பக்கம் எழுதுவதெல்லாம், இருந்தால் சந்தோசம்.

கமேக்கு ஒரு பழைய அவமானக் கதை உண்டு. 1395இல், பொஜொலேக்கு வடக்கே உள்ள பேர்கண்டியின் பிரபு ஃபிலிப் இந்தக் கொடியைத் தன் நிலத்தில் இருந்து பிடுங்கி எறியச் சொல்லிக் கட்டளை போட்டார். துரோகக் கொடி என்று ஏச்சு வேறு. கேட்டுக் கேள்வியில்லாமல் காய்த்துத் தள்ளும், அதனால் குடியானவர்கள் பினோ நுவார் என்ற திராட்சையை விட்டுவிட்டு இதை நட்டார்கள், வைனின் தரம் கெட்டது என்பது அவருடைய முறைப்பாடு. பேர்கண்டியின் சுண்ணாம்பு மண்ணில் அது உண்மையாகவும் இருக்கலாம். தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில் அதே கொடி வேறு பிள்ளை.

அந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு செப்ரெம்பரில் விடுமுறை எடுத்துக்கொண்டு திராட்சை வெட்டப் போனேன். ஆசை முதல் நாள் மத்தியானத்தோடு முடிந்தது. பொஜொலேயின் பழைய கொடிகள் பந்தலில் ஏறுவதில்லை. கிண்ணம் மாதிரி விரிந்து, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். எட்டு நாளும் குனிந்த முதுகு. கையில் சின்னக் கத்தரி, காலடியில் வாளி. இலையை விலக்கினால் குலை தெரியும். காம்பில் ஒரு வெட்டு. அழுகினதை விரலால் கிள்ளி எறிந்துவிட்டு வாளிக்குள் மெதுவாக வைக்க வேண்டும். எறியக் கூடாது. நான் இரண்டாம் நாள் அவசரத்தில் எறிந்துகொண்டிருந்தபோது தோட்டக்காரர் பின்னால் வந்து, என் வாளியில் இருந்து ஒரு குலையை எடுத்து, உடைந்த பழங்களை எண்ணிக் காட்டினார். ஏழு.

ஏன் இவ்வளவு கவனம் என்று தொட்டிக் கொட்டகைக்குள் போனபோதுதான் விளங்கியது. மற்ற இடங்களில் திராட்சையைக் காம்பில் இருந்து உதிர்த்து, நசித்துத்தான் புளிக்க வைப்பார்கள். இங்கே பெரும்பாலும் குலை குலையாக, முழுசாக, தொட்டிக்குள் போகிறது. அடியில் உள்ள பழம் மேலே உள்ளதன் பாரத்தில் நசிந்து சாறு விட்டுப் புளிக்கத் தொடங்கும். அதில் இருந்து கிளம்புகிற கரியமில வாயு தொட்டியை நிரப்பும். காற்றில்லாத அந்த வாயுவுக்குள், உடையாத பழங்களின் உள்ளேயே தோலுக்குள் ஒரு மாற்றம் நடக்கும். பழ வாசம் அங்கேதான் பிறக்கிறது. துவர்ப்பு அதிகம் இறங்குவதில்லை. உடைந்த பழத்துக்கு இந்த வித்தை வராது. என்னுடைய அந்த ஏழு பழங்கள்!

கொட்டகைக்குள் நுழைய முதல் தோட்டக்காரர் ஒரு மெழுகுதிரியைக் கொழுத்தித் தாழப் பிடித்துக்கொண்டு போனார். எனக்குச் சாமி கும்பிடப் போகிறார் என்று நினைப்பு. வாயு காற்றைவிடப் பாரம், நிலத்தோடு படுத்திருக்கும். திரி அணைந்தால் ஆள் உள்ளே போகக் கூடாது. வெறும் தொட்டிக்குள் இறங்கி மயங்கிச் செத்தவர்கள் உண்டு என்று சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நானும் திரியைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன்.

வெட்டின தோட்டத்தில் ஒரு துண்டு 'கோத் து பி' என்ற குன்றில் இருந்தது. சுமார் 350 மீற்றர் உயரம், உச்சியில் ஒரு தனி மரம். கீழே இளஞ்சிவப்புக் கருங்கல் மணல். மேலே ஏற ஏற மண் கறுத்து நீலம் பாய்கிறது. உக்கின பாறை. ஒரு துண்டை எடுத்து நசித்தால் கைக்குள் நொறுங்கும். ஊர்க்காரர்கள் அதை 'அழுகின பாறை' என்றே சொல்கிறார்கள். கருங்கல் மணலில் விளைந்த மொர்கோன் சீக்கிரம் சிரிக்கும். இந்தக் குன்றில் விளைந்தது முதல் இரண்டு மூன்று வருடம் வாயைத் திறக்காது. ஐந்து, எட்டு வருடம் வைத்தால் செரிச் சாராய வாசமும், காய்ந்த இலை வாசமும் வந்து, பினோ நுவாரோ என்று யோசிக்க வைக்கும். அந்த மாற்றத்துக்குப் பிரெஞ்சில் ஊரின் பெயரிலேயே ஒரு வினைச்சொல் இருக்கிறது. வைன் 'மொர்கோன்படுகிறது'. ஒரு ஊர் வினைச்சொல்லாக மாறுகிற அளவுக்கு அதன் பிடிவாதம் இருக்க வேண்டும்.

பொஜொலே என்றவுடன் பலருக்கு நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வருகிற புது வைன்தான் ஞாபகம். 1951இல் தொடங்கி, 1985இல் இருந்து அந்த வியாழன் என்று நிலையானது. நாலைந்து நாளில் புளிக்க வைத்து, ஆறேழு கிழமையில் போத்தலில் அடைத்தது. வாழைப்பழ வாசம் அடிக்கும். அதையும் நான் வெறுக்கவில்லை, ஒரு கிளாஸுக்கு நல்லதுதான். ஆனால் அதைக் குடித்துவிட்டு மொர்கோனை எடைபோடக் கூடாது. பொஜொலேயில் தங்கள் சொந்த இடத்தின் பெயரிலேயே விற்கிற பத்து 'க்ரூ' இருக்கின்றன. ஃப்ளெரி, மூலன்-ஆ-வோன், ப்ரூயி, ஜூலியேனா எல்லாம் அந்தப் பத்துக்குள். மொர்கோனும் அதில் ஒன்று. இவற்றைப் புது வைனாக விற்கவே முடியாது. பல போத்தல்களில் பொஜொலே என்ற சொல்லே இருக்காது. கடையில் தேடுகிறவர்கள் இதில்தான் தடக்குப்படுகிறார்கள்.

இனிச் சாப்பாடு. எங்கள் கடைப் பட்டியலில் மொர்கோன் எதோடெல்லாம் காலியாகிறது என்று எனக்குக் கழுவுகிற காலத்திலேயே தெரியும். முதலில் 'சோசிசோன்', தண்ணீரில் அவித்த பன்றிச் சொசேஜ், அவித்த உருளைக்கிழங்கோடு. கொழுப்பு நாக்கில் படிகிறது, வைனின் புளிப்பு அதை வெட்டிக் கழுவுகிறது, அடுத்த வாய் முதல் வாய் மாதிரி இருக்கிறது. எங்கள் ஊரில் கொழுப்பான கறிக்குத் தேசிக்காய் பிழிகிற அதே கணக்கு. அடுத்தது 'ஓன்துயெத்', குடலைக் குடலுக்குள்ளேயே அடைத்துக் கடுகுச் சாந்தோடு தருவது. இதன் மணத்தில் பாதிப் பிரெஞ்சுக்காரர்களே ஓடுவார்கள். குடல் கறி தின்று வளர்ந்த எனக்கு முதல் நாளே சொந்தக்காரரைக் கண்ட மாதிரி. பாரமான வைன் இதோடு மல்லுக்கட்டும்; மொர்கோன் கடுகின் காரத்தோடு சேர்ந்து நடக்கும். பிறகு பன்றித் துண்டு பொரித்துப் போட்டு மேலே அரைவேக்காட்டு முட்டை உடைத்து ஊற்றுகிற லியோன் சலாது. அதில் வினாகிரி இருக்கிறது, வினாகிரி துவர்ப்பு வைனைக் கொன்றுவிடும். கமே தானே புளிப்பு என்பதால் தப்பிக்கிறது.

கோழியைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும்: அடுப்பில் வாட்டின நாட்டுக்கோழியும் கொஞ்சம் வயதான மொர்கோனும் இருந்தால் எனக்கு வேறு விருந்து வேண்டாம். பாற்கட்டியில் சின்ன வட்டமான சன்-மார்செலன், வழிகிற பதத்தில். நீலம் பூத்த பாற்கட்டிகளோடு வைனும் கெட்டு அதுவும் கெடும்.

மீனில் கவனம். கணவாய், இறால் தப்பலாம். சாளை, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீனோடு சிவப்பு வைன் குடித்தால் வாயில் பழைய இரும்புச் சாவி சப்பின ருசி வரும். வைனில் உள்ள இரும்புச்சத்து மீன் கொழுப்போடு செய்கிற வேலை அது. ஒரு ஞாயிறு வீட்டில் மீன் பொரியலோடு பரீட்சித்துப் பார்த்தேன். மனைவி மீன் பழசு என்று மீன் கடைக்காரரை ஏசினா. பாவம் அந்த மனிசன்.

வீட்டுச் சாப்பாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் பிரான்சில் இருக்கிற எங்கள் ஆட்கள் என்னிடம் கேட்பது அதைத்தான். மகளின் பிறந்தநாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணை ஒருவர் பாரிசில் இருந்து போர்தோ இரண்டு போத்தல் கொண்டுவந்தார். ஒன்று அறுபது யூரோ. நாங்கள் ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் வைத்திருந்தோம். தூள் ஊரில் இருந்து அம்மா வறுத்து அனுப்பினது. முதல் வாய் கறி, மேலே ஒரு மிடறு வைன். வாய் பற்றி எரிந்தது. உறைப்பும் துவர்ப்பும் அல்கஹோலும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். 14 வீதத்துக்கு மேலே போன பாரமான வைன் மிளகாய்த் தூளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றின மாதிரி. அண்ணை நல்ல மனிசன். கண்ணில் தண்ணி வரவர, 'நல்ல சாமான் தம்பி, நல்ல சாமான்' என்று சொல்லிக்கொண்டே குடித்தார். மற்ற எல்லோரும் கோலாவுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த முறை அவர் வந்தபோது அதே கறி, மொர்கோன் இரண்டு போத்தல், ஒன்று 14 யூரோ, வாளிக்குள் வைத்துக் குளிர்த்தியாக. அவர் லேபிளைப் பார்த்து, 'என்ன, சிவப்பை ஐஸுக்க வைச்சிருக்கிறாய்?' என்று கேட்டார். 'குடிச்சுப் பாருங்கோ அண்ணை' என்றேன். பிறகு அவர் லேபிளைப் பார்க்கவில்லை.

ஆனாலும் எல்லாக் கறிக்கும் இது சரிவராது. தேங்காய்ப்பால் சொதிக்கு வெள்ளை வைனைத் தேடுங்கள். புளி தூக்கலான குழம்போடு மொர்கோன் தண்ணீராய்ப் போகும். ரசத்தோடு எந்த வைனும் வேண்டாம், ரசத்துக்கு அவமரியாதை. பிரட்டல் கறி, ஈரல் வறுவல், மிளகு போட்ட கோழிப் பொரியல், கத்தரிக்காய் வதக்கல், இதெல்லாம் வடிவாகச் சேரும். பச்சை மிளகாயின் கூர்மையைவிட மிளகின் உறைப்போடுதான் இந்த வைனுக்கு நல்ல ஒட்டு.

போத்தல் கெட்டுப்போவதையும் சொல்லவேண்டும். ஒருநாள் நான் திறந்து கொடுத்த போத்தலை ஒரு பெண்மணி மணந்துவிட்டு 'பூஷோனே' என்றா. எனக்கு விளங்கவில்லை. 'பூஷோன்' என்றால் எங்கள் கடை. வீதியில் வாகன நெரிசலும் பூஷோன். போத்தல் தக்கையும் பூஷோன். மூன்றுக்கும் ஒரே சொல் வைத்திருக்கிற மனிதர்கள்! அவ சொன்னது தக்கை நாற்றம். தக்கையில் பூஞ்சணத்தால் உண்டாகிற ஒரு பொருள் வைனுக்குள் இறங்கினால், நனைந்த மட்டைப்பெட்டி, கிணற்றடியில் ஊறிக் கிடந்த சாக்கு, அந்த வாசம் வரும். குடித்தால் ஒன்றும் செய்யாது, ஆனால் பழ வாசம் முழுதும் செத்திருக்கும். காற்றோட்டத்தில் வைத்தாலும் திரும்பி வராது. தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். நல்ல கடை எதிர்த்துக் கதைக்காது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு மணமும் இருக்கிறது. மொர்கோன் இயற்கை வைன்காரர்களின் தாய்வீடு. வேதியியல் படித்த வைன் வியாபாரி ஜூல் ஷோவே சொன்னதைக் கேட்டு, மார்செல் லப்பியேர் போன்றவர்கள் 1980களில் இந்த ஊரில் கந்தகம் சேர்ப்பதைக் குறைத்தோ விட்டோ வைன் செய்யத் தொடங்கினார்கள். அப்படியான போத்தலைத் திறந்தவுடன் சில நேரம் கோழிக்கூட்டு வாசமோ, தீக்குச்சி வாசமோ வரும். நாக்கில் சின்னதாய்ச் சுள்ளென்று வாயு. பயப்பட வேண்டாம். வாயகன்ற குடுவையில் ஊற்றி நன்றாக ஒரு ஆட்டு ஆட்டிக் கால் மணித்தியாலம் விடுங்கள். பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் அந்த வைன் செய்தவர் கந்தகத்தோடு சேர்த்துக் கவனத்தையும் குறைத்துவிட்டார் என்று அர்த்தம். இயற்கை என்று எழுதிவிட்டால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேட்பேன்: இது இன்று இரவுக்கா, வைப்பதற்கா? குன்றின் பெயர் போட்ட போத்தலை, இரண்டு வருடத்துக்கு உட்பட்டதை, இன்று இரவே திறந்தால் காசுக்குப் பலன் இல்லை. என் கட்டிலுக்குக் கீழே நான் வெட்டின வருடத்துப் போத்தல் நாலு படுத்திருந்தன. மூன்றைப் பொறுமையில்லாமல் குடித்துவிட்டேன். மிஞ்சின ஒன்றை மனைவி துணி மடிக்கிற பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறா. எங்கே என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறேன்.

மிச்ச வைனைக் கொட்டாதீர்கள். தக்கையை இறுக்கிப் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் குடிக்கலாம். மூன்றாம் நாள் அது சட்டிக்கு. சின்ன வெங்காயம் ஒரு பிடி, பன்றித் துண்டு கொஞ்சம், வதங்கினதும் வைனை ஊற்றிப் பாதியாக வற்ற விடுங்கள். அல்கஹோல் ஆவி மூக்கில் குத்துவது நின்ற பிறகு உப்பு. அதற்குள் முட்டையை உடைத்து மெதுவாக இறக்கி மூன்று நிமிடம். வறுத்த பாண் மேலே வைத்து ஊதாச் சாற்றை ஊற்றவேண்டியதுதான். முதலாளி இதைப் பேர்கண்டிச் சமையல் என்பார். எங்கள் வீட்டுக் குசினியில் இறக்கும்போது இரண்டு செத்தல் மிளகாய் கிள்ளிப் போடுவோம். கோப்பையைப் பிள்ளைகள் பாணால் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் கழுவுதொட்டிக்குள் போடுகிறார்கள்.